காலி டெஸ்ட் பார்க்கப் போகிறவர்களுக்கு: மைதானத்துக்கு வெளியே காடு, கடல், கறுவாத் தோட்டம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இலங்கையின் காலி மைதானத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு டச்சுக் கோட்டையும் மணிக்கூண்டும் அதற்கப்பால் கடலும் பழக்கமான காட்சிதான். 2010 ஜூலை 22 அன்று முரளிதரன் தன் கடைசிப் பந்தில் இந்தியாவின் ஓஜாவை வீழ்த்தி 800 டெஸ்ட் விக்கெட்டைத் தொட்டதும் இங்கேதான். கோட்டைக்குள் சுற்ற வழிகாட்டி வேண்டாம், கால்கள் போதும். இங்கே வரும் கேள்விகள் ஊருக்கு வெளியே போக நினைப்பவர்கள் கேட்பவை.

ஐந்து நாளும் மேட்ச். வெளியே போக நேரம் எங்கே இருக்கிறது?

காலையில் இருக்கிறது. ஆட்டம் வழக்கமாகப் பத்து மணிக்குத் தொடங்கி ஐந்து மணியளவில் முடியும். இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே. ஜூலையில் ஆறு மணிக்கே விடிந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும். விடிந்தது முதல் ஒன்பதரை வரை கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் 15 கிலோமீட்டர் சுற்றளவில் எந்த இடத்துக்கும் போய்த் திரும்பலாம். மாலையை நம்ப வேண்டாம். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைவதற்குள் ஐந்தரை ஆகிவிடும், ஆறரைக்குள் இருட்டிவிடும்.

தூரப் பயணங்களை மேட்சின் கடைசியில் வையுங்கள். காலி பிட்ச் சுழலுக்குப் பேர்போனது, ஐந்தாம் நாள் வரை போகாத டெஸ்ட்கள் இங்கே நிறைய. நான்காம் நாள் மதியமே முடிந்துவிட்டால் கையில் ஒன்றரை நாள் இலவசம். அதனால் ஐந்தாம் நாளுக்கென்று வண்டியோ படகோ பேசும்போது, மேட்ச் நீண்டால் ரத்து செய்ய முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு, கடைசி விக்கெட் ஜோடி நிலைத்து ஆடுவதைப் பார்த்துப் பதறுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு.

நடுவில் ஓய்வு நாள் வருவது அபூர்வம். 2024 செப்டம்பரில் நியூசிலாந்துக்கு எதிரான காலி டெஸ்ட், ஜனாதிபதித் தேர்தலுக்காக ஒரு நாள் இடைவெளி விட்டு ஆறு நாளாக நடந்தது. அட்டவணையை ஒருமுறை உன்னிப்பாகப் பாருங்கள்.

எந்த மாத டெஸ்டுக்குப் போனால் சுற்றிப் பார்க்க நல்லது?

எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தக் கரையில்தான் மோதும். கடல் கொந்தளிக்கும், நீர் கலங்கும். மிரிஸ்ஸ திமிங்கலப் படகு, ஹிக்கடுவ பவளப்பாறை, உனவட்டுனவில் முக்குளிப்பு எதற்கும் இது காலமல்ல. ஜூன், ஜூலை டெஸ்டுக்குப் போகிறவர்கள் கடலை மறந்துவிட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்புவதே புத்தி: காடு, ஆறு, கறுவா (இலவங்கப்பட்டை), கோயில்.

ஜனவரி, பிப்ரவரி டெஸ்ட் என்றால் நிலைமை தலைகீழ். கடல் அடங்கியிருக்கும், சிங்கராஜக் காட்டிலும் மழை குறைவு, அட்டையும் குறைவு. இரண்டும் கிடைக்கும் மாதங்கள் இவை. அறை வாடகை கூடும், அவ்வளவுதான்.

காலையில் போய் ஆட்டத்துக்குத் திரும்ப மிகச் சிறந்த இடம்?

ருமஸ்ஸல. காலி வளைகுடாவின் கிழக்குக் கரையில் நிற்கும் குன்று, மைதானத்திலிருந்து முச்சக்கர வண்டியில் கால் மணி நேரம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கி வந்தபோது சிதறி விழுந்த துண்டு இது என்பது ஊர் நம்பிக்கை. மூலிகைச் செடிகள் இங்கே அதிகம் என்பதை அதற்குச் சான்றாகச் சொல்வார்கள். மேலே ஜப்பானிய பௌத்தத் துறவிகள் கட்டிய வெள்ளைச் சமாதானத் தூபி இருக்கிறது. அதன் மேடையிலிருந்து வளைகுடாவுக்கு அப்பால் கோட்டை முழுவதும் தெரியும்.

ஏறும்போது சாலை வழியாகப் போங்கள், இறங்கும்போது காட்டுப் பாதையில் கீழே உள்ள சிறு கடற்கரைக்குப் போகலாம். மழை பெய்த மறுநாள் அந்தப் பாதை வழுக்கும், ரப்பர் செருப்பு உதவாது. குரங்குகள் உண்டு, தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். ஏழு மணிக்கு மேலே இருந்தால் எட்டேகாலுக்கு இறங்கிவிடலாம். வந்த வண்டியைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்பும்போது குன்றின் மேல் வண்டி கிடைப்பது சிரமம்.

ஒரு செஷனை விட்டுவிட்டுப் போகும் அளவுக்கு எது தகும்?

கொக்கல. காலியிலிருந்து மாத்தறைச் சாலையில் கிழக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்ரமசிங்க (1890–1976) பிறந்த வீடும், அதைச் சுற்றி அவர் பெயரில் அமைந்த நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகமும் ஒரே மரநிழல் வளாகத்தில் இருக்கின்றன. மாட்டு வண்டி, வள்ளம், மீன்பிடிக் கருவி, முகமூடி, பொம்மலாட்டப் பொம்மை, சமையல் பாத்திரம் என்று நம் கிராமத்து வீட்டுப் பரணில் கிடந்த பொருள்களின் அண்ணன் தம்பிகள் எல்லாம் அங்கே உண்டு. ஒன்றரை மணி நேரம் வேண்டும். அதை விரைவாகப் பார்த்து முடிப்பதில் பயனில்லை.

பக்கத்திலேயே கொக்கல ஏரி. இரண்டாம் உலகப் போரில் இது பிரிட்டிஷ் விமானப்படையின் கடல்விமானத் தளம். 1942 ஏப்ரல் 4 அன்று இங்கிருந்து பறந்த லியனார்ட் பிர்ச்சல் என்ற கனடிய விமானிதான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். ஏரியில் படகுக்குப் பேசும்போது ஆளுக்கு இவ்வளவா, படகுக்கு இவ்வளவா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். தகராறு எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் வரும்.

இன்னும் சற்றுத் தள்ளி கத்தலுவவில் பூர்வாராம விகாரை. சுவர் முழுக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்கள், அவற்றின் நடுவே விக்டோரியா மகாராணியின் உருவமும் இருக்கும். அங்கே பிளாஷ் போடக் கூடாது, நிறம் மங்கிவிடும்.

கம்பின் மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள் உண்மையானவர்களா?

பெரும்பாலும் படத்துக்காக உட்காருகிறவர்கள். கொக்கல முதல் வெலிகம வரை கடலில் நட்ட கம்பு மேல் அமர்ந்து தூண்டில் போடும் வழக்கம் உண்மைதான். ஆனால் பகல் பத்து மணிக்கு மீன் கடிக்காது, மீன் பிடிக்க அமர்பவர் விடியலிலும் அந்தியிலும்தான் அமர்வார். பகலில் கம்பில் இருப்பவர் முன் கேமராவைத் தூக்கினால் காசு கேட்பார். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டோம், வெயிலில் உட்காருவதற்கான கூலி அது. தொகையை முன்பே பேசிவிடுங்கள்.

கறுவாப் பட்டை உரிப்பதை எங்கே பார்க்கலாம்? எப்படி வாங்குவது?

காலி மாவட்டம் முழுவதுமே கறுவா ஊர்தான். பார்க்க எளிதான இடங்கள் இரண்டு: கொக்கல ஏரித் தீவுகள், வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் பலப்பிட்டியவில் உள்ள மாது கங்கை. படகில் தீவுக்குக் கொண்டுபோய் இறக்கி, உரித்துக் காட்டுவார்கள். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள், அவ்வளவு நுணுக்கமான வேலை.

உரிப்பவர் தரையில் அமர்ந்து, கட்டைவிரல் பருமனுள்ள கிளையைப் பாதத்தால் பிடித்துக்கொள்வார். முதலில் வளைந்த கத்தியால் வெளித்தோலைச் சுரண்டி எறிவார். பிறகு பித்தளைக் கம்பியால் கிளையை அழுத்தித் தேய்ப்பார், உள்பட்டை மரத்திலிருந்து விடுபடுவது அதனால்தான். அடுத்து இரண்டு வளையக் கீறல், நீளவாக்கில் இரண்டு கீறல். கத்தி முனையை நுழைத்து நெம்பினால் பட்டை காகிதம்போல் கழன்று வரும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, உள்ளே சிறு துண்டுகளை நிரப்பி, 42 அங்குல நீளக் குழலாக்குவார்கள். அதை நிழலில், கூரைக்குக் கீழே கட்டிய கயிறுகளில் கிடத்தி உலர்த்துவார்கள். நேர் வெயில் பட்டால் கோணிவிடும்.

மழைக்குப் பிறகு மரத்தில் சாறு ஓடும்போதுதான் பட்டை சுலபமாகக் கழலும். வறண்ட நாளில் பிய்ந்து துண்டாகும். ஆக ஜூன், ஜூலையில் போகிறவர்களுக்கு இதில் ஒரு லாபம்.

வாங்கும்போது குழலின் நுனியைப் பாருங்கள். காகிதம் சுருட்டியதுபோல் பல மெல்லிய அடுக்குகள் தெரிந்து, விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும். தடித்த ஒற்றை அடுக்காக, ஓடுபோல் கெட்டியாக இருந்தால் அது காசியா. நம்மூர்க் கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் அதுதான். தரங்களில் உச்சம் ஆல்பா (Alba), குழலின் விட்டம் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பிரியாணிக்கு ஆல்பா வாங்குவது வீண்செலவு, அதைவிடக் கீழ்த் தரமே போதும். தேநீருக்கும் இனிப்புக்கும் என்றால் ஆல்பா வாங்கலாம்.

சிங்கராஜவா, கன்னெலியவா?

இரண்டும் மழைக்காடு. கையில் ஒரு நாள் மட்டும் இருந்தால் கன்னெலிய. காலியிலிருந்து உடுகம வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள், நடைபாதைகள் தெளிவு, அருவிகள் உண்டு, கூட்டம் குறைவு. யுனெஸ்கோ 2004இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த காடு.

சிங்கராஜ 1988 முதல் உலக மரபுச் சின்னம். அதே ஆண்டில்தான் காலிக் கோட்டையும் அந்தப் பட்டியலில் ஏறியது. காலியிலிருந்து அக்குரஸ்ஸ வழியாகத் தெனியாயவுக்கு மூன்று மணி நேரம், அங்கிருந்து மெதெரிப்பிட்டிய நுழைவாயிலுக்கு இன்னும் அரைமணி. காலையில் காலியில் கிளம்பிப் பத்தரைக்குக் காட்டுக்குள் நுழைந்தால் பறவைகள் அடங்கியிருக்கும், மதியம் மழை பிடித்துக்கொள்ளும். முந்தின இரவே தெனியாயவில் தங்கி, வாசல் திறக்கும் நேரத்துக்கு நிற்க வேண்டும். அதைச் செய்ய முடியாதவர்கள் சிங்கராஜவை விட்டுவிடுவதே மேல்.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நல்ல வழிகாட்டியை அடையாளம் காண ஒரு வழி, அவர் உங்களை நடக்கவிடாமல் அடிக்கடி நிறுத்துவார். இந்தக் காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றாகக் கூட்டம் கூட்டமாக இரை தேடும். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் முன்னே கலகலவென்று போக, கொண்டைக் கரிச்சான் கூடவே வரும், மற்றவை பின்தொடரும். அந்தச் சத்தம் கேட்டவுடன் நின்ற இடத்தில் அசையாமல் நில்லுங்கள், கூட்டம் உங்கள் தலைக்கு மேலேயே கடந்துபோகும். நல்வாய்ப்பு இருந்தால் இலங்கைக்கே உரிய நீல மேக்பையும் அதில் இருக்கும். துரத்திப் போனால் ஒன்றும் மிஞ்சாது.

தெனியாயச் சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழர் வாழ்கிறார்கள். தெற்குக் கரையில் எளிதில் கிடைக்காத வசதி இது: வழி கேட்கலாம், பேச்சுத் தமிழில் விலை பேசலாம்.

அட்டைக் கடிக்கு என்ன செய்வது?

நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை நுழைவாயில் கடைகளில் கிடைக்கும். பேன்ட்டை அதற்குள் செருகிக் கட்டுங்கள். சாதாரண விளையாட்டுக் காலுறையின் இழை இடுக்கில் அட்டை நுழைந்துவிடும். காலுறை மேல் சோப்பையோ டெட்டாலையோ தடவலாம், ஓடையைக் கடந்தால் கழுவிப்போகும், மறுபடி தடவ வேண்டும்.

கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடி விடும். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் அட்டை போன பிறகும் வெகுநேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் மழைக்காலத்தில் இந்தக் காடுகளுக்குப் போகும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

திமிங்கலம்?

மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நீலத் திமிங்கலமே தென்படும் கடல் இது. படகு காலை ஆறரைவாக்கில் கிளம்பி, திரும்ப நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆட்ட நாளில் ஒத்துவராது. குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரைமணி முன்பே போட வேண்டும், அலையில் தலை சுற்றிய பிறகு போட்டால் வேலை செய்யாது. திமிங்கலத்தைச் சுற்றி வளைக்காத, தூரம் விட்டு நிறுத்தும் படகைத் தேடுங்கள். கட்டணம் குறைந்த படகுகள்தான் கிட்டே பாய்கிற படகுகளாகவும் இருக்கின்றன.

தமிழோடு தொடர்புள்ள இடம் எதுவும் உண்டா?

முக்கியமான ஒன்று உண்டு, ஆனால் அது இப்போது காலியில் இல்லை. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில், வடிகால் மூடும் பலகைக் கல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபிலும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும் காணிக்கை செலுத்தியதாகச் சொல்கிறது. மூன்று பகுதிகளிலும் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விமானம் ஏறும் நாளில் கொழும்பில் இரண்டு மணி நேரம் மிச்சமிருந்தால் நேரே அங்கே போங்கள்.

தேனாவரை என்பது இன்றைய தெவிநுவர, இலங்கையின் தென்கோடி. காலியிலிருந்து மாத்தறைக்கு ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸில் சில கிலோமீட்டர். பதினான்காம் நூற்றாண்டில் இபின் பதூதா வியந்து எழுதிய பெருங்கோயில் நகரம், 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இன்று இருப்பது விஷ்ணு தேவாலயமும் விகாரையும். சற்றுத் தள்ளி மேட்டில் கல்கே என்ற பழைய கருங்கல் கட்டடம் தப்பி நிற்கிறது. முனையில் 49 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம். பெருங்கோயிலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கல்வெட்டின் கதை தெரிந்து போகிறவர்களுக்கு அரை நாள் செலவிடத் தகும்.

கிரிக்கெட் உடையிலேயே கோயிலுக்குப் போகலாமா?

ஜெர்சி போடலாம், அரைக்கால் சட்டை கூடாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செருப்போடு தொப்பியையும் கழற்ற வேண்டும், நம்மவர்கள் மறப்பது இதைத்தான். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது பெருங்குற்றமாகப் பார்க்கப்படும், செல்பியும் அதில் சேர்த்தி. ஒரு வேட்டியோ லுங்கியோ பையில் இருந்தால் எல்லாவற்றுக்கும் தீர்வு.

பௌர்ணமி நாளான போயா அன்று விகாரைகளில் வெள்ளுடைக் கூட்டம் நிறையும். பார்க்க அழகு. அன்று மதுக்கடை கிடையாது, இறைச்சியும் கிடைப்பது அரிது.

போக்குவரத்துக்கு எது நல்லது?

மைதானம், பஸ் நிலையம், ரயில் நிலையம் மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பது காலியின் பெரிய வசதி. கொக்கல, வெலிகம, மாத்தறைக்குக் கடலோரச் சாலைப் பஸ்கள் ஓயாமல் ஓடும். அருகில் போகப் பஸ், கொழும்பிலிருந்து வரவும் போகவும் ரயில், காட்டுக்கு வாடகைக் கார். முச்சக்கர வண்டியில் மூன்று மணி நேரம் மலைச்சாலையில் போவது இடுப்பைப் பதம் பார்க்கும்.

கொழும்பிலிருந்து வரும்போது ரயிலின் வலப்பக்கம் உட்கார்ந்தால் கடல். காலி நிலையத்தில் ரயில் திசை மாறிப் புறப்படும், ஆகவே அதே ரயிலில் மாத்தறைக்குத் தொடர்கிறவர் எதிர்ப்பக்க இருக்கைக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

முச்சக்கர வண்டிக்கு பிக்மீ செயலியில் காட்டும் தொகையை அளவுகோலாக வைத்துப் பேசுங்கள். காத்திருப்பு நேரத்துக்குக் கூலி சேருமா என்பதையும் கிளம்பும் முன் கேளுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கவனம் வேண்டும். தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிக் கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாது. "மாசி இல்லாமல்" என்று கேட்டு வாங்குங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் அம்புல் தியலைத் தவறவிடாதீர்கள். கொறுக்காய்ப் புளியில் சூரை மீனை வற்ற வேகவைத்தது, புளிப்பின் வலிமையால் வெளியிலேயே நாள்கணக்கில் கெடாது. கடைசியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் என்ற பனை வகையின் பாகு) சாப்பிடுங்கள். சாலையோரம் சட்டிச் சட்டியாக அடுக்கி விற்பார்கள்.

மேட்ச் சீக்கிரம் முடிந்துவிட்டது, விமானம் நாளை இரவு. என்ன செய்யலாம்?

கொழும்புக்கு விரைவுச்சாலையில் போகாமல் கடலோரச் சாலையைப் பிடியுங்கள். காலையில் அம்பலாங்கொடையில் முகமூடி செதுக்கும் பட்டறையும் அருங்காட்சியகமும், பிறகு பத்து நிமிடத் தூரத்தில் மாது கங்கையில் இரண்டு மணி நேரப் படகு. 2003இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கண்டல் (மாங்குரோவ்) காட்டு நீர்ப்பரப்பு அது, பருவக்காற்று மாதங்களிலும் படகு ஓடும். முகமூடி வாங்கினால் கையில் தூக்கிப் பாருங்கள். கதுரு மரத்தில் செய்தது இலேசாக இருக்கும், கனத்தால் வேறு மரம். பயணப் பெட்டியில் வைக்கும்போது காது, நாக்குப் போன்ற துருத்திய பகுதிகள்தான் முதலில் உடையும், அவற்றைத் துணியால் சுற்றுங்கள்.

வழியில் ஆமைக் குஞ்சுகளைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லும் பொரிப்பகங்கள் வரும். தவிர்த்துவிடுங்கள். பொரித்த குஞ்சு உடனே கடலுக்குப் போக வேண்டும், தொட்டியில் வைத்துக் காட்டினால் அதன் நீந்தும் வலு வீணாகும்.

மதியம் இரண்டு மணிக்குள் படகிலிருந்து இறங்கிவிட்டால், அருகிலுள்ள விரைவுச்சாலை நுழைவாயிலில் ஏறிக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள்.